யார் மிச்சம்?

செத்த வீட்டுச் செய்தி கேட்டால் நாங்கள் என்ன கேட்போம்? என்ன வருத்தம், எத்தனை வயது, கடைசி நேரத்தில் பக்கத்தில் ஆர் இருந்தது என்று கேட்போம். நான் வேலை செய்த வீட்டு அம்மா, இத்தாலி வழக்கத்தில் சிஞ்ஞோரா, இதில் ஒன்றும் கேட்கமாட்டார். "யார் மிச்சம்?" என்று மட்டும் கேட்பார்.

ஒருநாள் கீழ்வாசல் காவற்காரர் தாயை இழந்துவிட்டு மேலே வந்தார். தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்று அழுதார். சிஞ்ஞோரா கதிரையில் இருந்தபடியே அவரை ஏறிட்டுப் பார்த்தார்.

"யார் மிச்சம்?"

"நானும் தங்கச்சியும், சிஞ்ஞோரா."

"உனக்கு ஆண்பிள்ளை?"

"இரண்டும் பொம்பிளைப் பிள்ளைகள்."

"ஆ," என்று சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டார். தாய் போனது சின்ன விசயம், பெரிய சாவு இப்போதுதான் நடந்தது என்பதுபோல இருந்தது அந்த "ஆ". மனிதர் அழுகையை நிறுத்திவிட்டார். எப்படித் திரும்பிப் போவது என்று தெரியாமல் நின்றவரை நான்தான் ஒரு கோப்பி போட்டுக் கொடுத்து அனுப்பினேன். அவர்கள் கதைத்தது இத்தாலி மொழியில். எனக்கு விளங்கியபடிதான் இதையெல்லாம் எழுதுகிறேன்.

சிசிலித் தீவில், பலெர்மோ நகரத்தில், லிபெர்த்தா பக்கம், பெரிய மரங்கள் நிற்கும் ஒரு தெருவில், மூன்றாம் மாடியில் அவர் இருந்தார். அவரைப் பராமரிக்கும் வேலை எனக்குப் பல வருடங்கள் இருந்தது. அவர் ஸ்கொட்லாந்துக்காரி. இளம் வயதில் இங்கே இங்கிலீஷ் படிப்பிக்க வந்து, ஒரு பலெர்மோக்காரரைக் கட்டினார். அந்த மனிதர் முந்திப் போய்ச் சேர்ந்துவிட்டார். பிள்ளைகள் இல்லை. இந்த நாட்டில் பெண்கள் கலியாணம் கட்டினாலும் தகப்பன் வழிப் பெயரையே வைத்திருப்பார்கள். அதனால் வாசல் மணிக்குப் பக்கத்தில், பித்தளைத் தகட்டில், புருசனின் பெயர் இருக்கவில்லை. மோவாட் என்று அவருடைய பெயர்தான் இருந்தது. முதற்பெயரை நான் இங்கே எழுதவில்லை. அதை அவரே பெரிதாக எண்ணியதில்லை. "அது என்னைக் கூப்பிடுவதற்கு. மற்றதுதான் நான்," என்பார்.

காலையில் பல்கனியில் இருத்தி அவருக்குத் தலை சீவுவேன். அப்போது அந்தப் பெயரின் கதையைத் தொடங்குவார். முதலில் பிரான்சில், நோர்மண்டியில் ஒரு உயர்ந்த குன்று. அந்தக் குன்றின் பெயரால் அங்கே இருந்தவர்களுக்கு மோன் ஓ என்று பெயர். அவர்கள் குதிரைகளைக் கப்பலில் ஏற்றிக்கொண்டு இங்கிலாந்தைப் பிடிக்கப் போனார்கள். வேல்ஸ் எல்லையில் காணி எடுத்து இருந்தபோது மோஹோட் ஆனார்கள். பிறகு ஸ்கொட்லாந்து ராசா கூப்பிட்டு நிலம் கொடுத்தார். அங்கே குளிரில் பெயர் சுருங்கி மோவாட் ஆகிவிட்டது. சில ஊர்களில் மௌவாட், வடக்குத் தீவுகளில் மூவட். எழுதுகிறவன் காதில் எப்படி விழுந்ததோ அப்படி எழுதினான். லத்தீனில் எழுதுகிற குருமார் மட்டும் சரியாக எழுதினார்கள்: தெ மொன்தே அல்த்தோ. உயர்ந்த மலையிலிருந்து வந்தவர்கள்.

மோன் ஓ, மோஹோட், மோவாட், மௌவாட், மூவட். கதிரைக் கையில் விரலால் ஒவ்வொன்றாகத் தட்டி, செபமாலை சொல்வதுபோலச் சொல்வார். நடுவில் நான் சீப்பை வேகமாக இழுத்துவிட்டால் திரும்பவும் குன்றிலிருந்து தொடங்குவார்.

இதே நோர்மன் ஆட்களில் வேறு சிலர் இந்தப் பக்கம் வந்து சிசிலியைப் பிடித்தார்கள். அவர்களுடைய ராசாக்கள் இந்த நகரத்துப் பெரிய கோயிலுக்குள் சிவப்புக் கல் பெட்டிகளில் கிடக்கிறார்கள். அதனால் இங்கே மொந்தால்த்தோ என்று குடும்பப் பெயர் உள்ளவர்கள் எல்லாம் தன்னுடைய சொந்தம் என்பது சிஞ்ஞோராவின் கணக்கு. இங்கத்தைய மொந்தால்த்தோக்கள் வேறு ஏதோ ஊர்ப் பெயரால் வந்தவர்கள் என்று ஒரு படித்த மனிதர் ஒருமுறை சொன்னார். அதற்குப் பிறகு அந்த மனிதரை அவர் வீட்டுக்குள் எடுக்கவேயில்லை.

நான் வேலைக்குப் போன முதல் நாளே என்னிடமும் கேட்டார். எனக்கு என்ன சமைக்கத் தெரியும் என்று கேட்கவில்லை. என் மகளின் குடும்பப் பெயரைத்தான் கேட்டார்.

"சந்தியோகு," என்றேன்.

"உன் கணவரின் குடும்பமா?"

"அவருடைய பெயர், சிஞ்ஞோரா."

"அவருடைய தகப்பனின் பெயர்?"

"பேதுரு."

"அது எங்கே போயிற்று?"

"அவரோடு நின்றுவிட்டது."

எங்களுக்குள் பிள்ளையின் பெயரோடு தகப்பனின் பெயர் வரும். அந்தப் பிள்ளைக்குப் பிள்ளை பிறந்தால் பாட்டனின் பெயர் கழன்றுவிடும். இதைச் சொன்னதும் சிஞ்ஞோரா கையை வாயில் வைத்தார். "ஒவ்வொரு தலைமுறையிலும் உங்களை நீங்களே புதைக்கிறீர்கள்," என்றார். அதுவரை நான் அப்படி யோசித்தது இல்லை. அன்று வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அது மனதைக் குடைந்துகொண்டே வந்தது.

"உன் கணவர் எங்கே?" என்றும் கேட்டார்.

"வரவில்லை," என்றேன். அதற்கு மேல் அவர் அன்று கேட்கவில்லை.

நாங்கள் மன்னார் ஆட்கள். சண்டை தள்ளித் தள்ளி எங்களை வன்னியின் கடைசி வரைக்கும் கொண்டுபோயிற்று. எல்லாம் முடிந்த நாளில் ஆமிக்காரர் ஆம்பிளைகளை வேறாகப் பிரித்தார்கள். விசாரித்துவிட்டு விடுவோம் என்று சொல்லி பஸ்சில் ஏற்றினார்கள். ஏறும்போது என் புருசன் திரும்பி, "பிள்ளைக்குத் தண்ணி குடு, வாறன்," என்றார். பிள்ளை என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவ்வளவுதான். பிறகு பலெர்மோவில் இருந்த என் தம்பி எங்கள் இரண்டு பேரையும் இஞ்சை எடுத்தான்.

சிஞ்ஞோராவைப் பற்றி நல்லதையும் எழுதவேண்டும். இங்கே வயதானவர்களைப் பார்க்கிற பெண்களை எல்லோரும் மரியா என்றுதான் கூப்பிடுவார்கள். எந்த நாடு என்றாலும் மரியாதான். ஒருமுறை மருந்துக்கடைக்காரர் என்னை மரியா என்று கூப்பிட்டபோது சிஞ்ஞோரா தடியால் மேசையில் அடித்தார். "இவளுக்குப் பெயர் இருக்கிறது. திரேசம்மா. சொல்லு," என்றார். வரிசையில் நின்ற சனம் பார்த்துக்கொண்டிருக்க, அந்த மனிதர் சரியாகச் சொல்லும்வரை விடவில்லை. நான் வெட்கத்தில் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஆனால் அன்று அவரில் எனக்கு ஒரு பாசம் வந்தது. அது இன்றைக்கும் முழுதாகப் போகவில்லை.

கபோ சந்தைக்கு மீன் வாங்கப் போவோம். சிஞ்ஞோரா மீனைப் பார்க்கமாட்டார், சுவரைப் பார்ப்பார். இங்கே யாரும் இறந்தால் கறுப்புக் கரை போட்ட நோட்டீசைத் தெருச் சுவரில் ஒட்டுவார்கள். ஒருநாள் தக்காளிக் கடைக்கு மேலே ஒரு நோட்டீசைத் தடியால் தொட்டார். மொந்தால்த்தோ.

"வா, போவோம்."

"எங்கே, சிஞ்ஞோரா? அவர்களைத் தெரியுமா?"

"அவர்களுக்கு என்னைத் தெரியாது."

சந்தைக்குப் பின்னால் ஒடுங்கின படி. கதவில் "என் தகப்பனுக்காக" என்று எழுதின கறுப்புக் கடதாசி ஒட்டியிருந்தது. உள்ளே பிரேதத்தைச் சுற்றிக் கதிரைகள். சிஞ்ஞோரா நேராகப் போய் மனைவிக்குப் பக்கத்தில், சொந்தக்காரர் இருக்கிற வரிசையில் இருந்தார். செத்த வீட்டில் ஒருவரும் ஆளை எழுப்பமாட்டார்கள் அல்லவா? ஒரு கிழவர் மட்டும் குனிந்து, "நீங்கள் ஆற்றை ஆள், எந்தக் குடும்பம்?" என்று கேட்டார். எங்களுடைய ஊரில் கேட்பதுபோலவே இங்கேயும் கேட்பார்கள்.

"உங்களுடைய ஆள்தான். ஒரே மலை," என்றார் சிஞ்ஞோரா.

கிழவர் என்னைப் பார்த்தார். நான் சேலைத் தலைப்பைப் பார்த்தேன்.

இறந்தவரின் மகன் கிட்ட வந்தபோது சிஞ்ஞோரா அவனுடைய முகத்தை இரண்டு கையாலும் பிடித்தார். "யார் மிச்சம்?"

"நான்தான், சிஞ்ஞோரா."

"கட்டிவிட்டாயா?"

"இல்லை."

"சுணங்காதே."

மீன்சந்தையில் வேலை செய்கிற முரட்டு ஆள் அவன். முகத்தை மெல்ல விடுவித்துக்கொண்டு சுவரோடு போய் நின்றான். நாங்கள் போகும்வரை அந்தச் சுவரை விட்டு வரவில்லை. வீட்டுக்கு வந்ததும் சிஞ்ஞோரா ஒரு பெரிய தட்டுப் பாஸ்தாவைத் துடைத்துச் சாப்பிட்டார். மற்ற நாட்களில் கொறித்துவிட்டு வைக்கிற மனிசி. இப்படிப் பல செத்த வீடுகளுக்குப் போனோம். போன ஒவ்வொரு நாளும் அவருக்கு நல்ல பசி.

ஒரு நாள் மட்டும் அவர் சாப்பிடவில்லை. ஸ்கொட்லாந்தில் இருந்த தம்பி இறந்துவிட்டார் என்று போன் வந்த நாள். அந்தத் தம்பிக்கும் பிள்ளைகள் இல்லை. அந்தக் கேள்வியை அன்று சிஞ்ஞோரா கேட்கவில்லை. கேட்பதற்கு ஆளும் இல்லை. மாலையில் என் மகள் நிறோசா வந்தாள். அவளுக்குப் பக்கத்து ஊரான பகேரியாவில், கலியாணங்கள் நடக்கிற ஒரு பழைய மாளிகையில் வேலை. ரயிலில் வந்து இறங்கி, சிஞ்ஞோராவைக் குளிக்கவைக்க எனக்கு உதவி செய்துவிட்டுப் போவாள். அதுவரை சிஞ்ஞோரா அவளைச் சரியாகப் பார்த்ததே இல்லை. அன்று பார்த்தார்.

"அங்கே நட. திரும்பு. தோளை நிமிர்த்து," என்றார். "எத்தனை பிள்ளை பெறுவாய்?"

நிறோசா சிரித்தாள். "முதலில் மாப்பிள்ளையைக் காட்டுங்கள், சிஞ்ஞோரா."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. சந்தையில் ஆட்டைப் பார்க்கிறவன் இப்படித்தான் பார்ப்பான்.

கொஞ்ச நாள் கழித்து ஒரு காலை வேலைக்குப் போனேன். வாசல் மணிக்குப் பக்கத்தில் தகடு புதியது. ஆணிகள் மினுங்கின. மோவாட் என்ற பெயருக்குக் கீழே இன்னொரு வரி இருந்தது: நிறோசா மோவாட் சந்தியோகு. மணியை அழுத்த எனக்குக் கை வரவில்லை. காவற்காரர் உள்ளே இருந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மேலே சிஞ்ஞோரா தலை சீவுவதற்குத் தயாராக இருந்தார். "இந்த நாட்டுச் சட்டத்தில் வளர்ந்த ஆளையும் பிள்ளையாக எடுக்கலாம்," என்றார். "என் பெயர் முன்னால் வரும். சந்தியோகு பின்னால் இருக்கும். நான் அதை அழிக்கவில்லை, திரேசம்மா. அதற்கு ஒரு முதுகெலும்பு கொடுக்கிறேன்."

"நிறோசாவிடம் கேட்டீர்களா?"

"அவள் ஓம் என்றுவிட்டாள்."

என் பிள்ளை எனக்குச் சொல்லவில்லை.

அடுத்த கிழமை சட்டத்தரணி வீட்டுக்கு வந்தார். வீடும் பிற்காலத்தில் நிறோசாவுக்குத்தான் என்றார். தாயும் தகப்பனும் சம்மதிக்கவேண்டும் என்றார். "தகப்பன்?" என்று என்னைப் பார்த்தார். நான் வாய் திறக்க முந்தி சிஞ்ஞோரா சொன்னார்: "இறந்துவிட்டார்." பால் முடிந்துவிட்டது என்று சொல்வதுபோலச் சொன்னார். "அப்படியென்றால் மரணச் சான்றிதழ் போதும்," என்று சட்டத்தரணி பையை மூடினார்.

அன்று வீட்டில் நானும் நிறோசாவும் சாப்பிட இருந்தோம்.

"அம்மா, எனக்கு இந்த நாட்டில ஒரு பிடி வேணும். இந்த விசாப் பெர்மெஸ்ஸோவைப் புதுப்பிச்சுப் புதுப்பிச்சு எவ்வளவு காலம் திரியிறது?"

"பிடியை எடு பிள்ளை. ஆர் வேண்டாமெண்டது?"

"அப்ப ஊரில விதானையாருக்கு ஒரு போன் கோல் எடுங்கோ. மரணச் சேட்டிபிக்கற் கேட்டா உடன குடுக்கினமாம்."

"உடன குடுப்பினம் எண்டு எனக்கும் தெரியும். அதை வாங்கமாட்டன் எண்டுதானே உன்ரை மாமி, காணாமப்போனவையைத் தேடுற சனத்தோட, அப்பாவின்ரை படத்தை வச்சுக்கொண்டு ரோட்டுக்கரையில போராட்டத்தில இருக்கிறா."

"அது ஒரு கடதாசிதானே அம்மா. கடதாசி ஆளைக் கொல்லுமே?"

"கடதாசியில செத்தவரைப் பிறகு ஆர் தேடுறது?"

அவள் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். பிறகு என்னைப் பார்க்காமல் சொன்னாள்: "எனக்கு அப்பாவின்ரை முகம் மறந்துபோச்சு அம்மா. படத்தைப் பாத்தாலும் ஆரோ மாதிரி இருக்கு. குரல் மட்டும்தான் இருக்கு."

நான் கோல் எடுக்கவில்லை. சிஞ்ஞோரா ஒவ்வொரு காலையும் கேட்டார். கோபமாக இல்லை, மெதுவாக. "வந்ததா, திரேசம்மா?" இல்லை என்பேன். "பரவாயில்லை," என்பார். அவருக்கு எண்ணூறு தொளாயிரம் வருடத்துக் கதை பழக்கம். என்னுடைய "இல்லை" அவருக்கு ஒரு இருமல் மாதிரி.

நவம்பர் வந்தது. மரித்த விசுவாசிகளின் நாளில் எங்கள் பங்குக் கோயிலில் இறந்தவர்களின் பெயர்களைப் பூசையில் வாசிப்பார்கள். முந்தியே பெயர்களைக் கொடுக்கவேண்டும். நான் வருடா வருடம் அப்பா அம்மாவின் பெயரைக் கொடுப்பேன். என் புருசனின் பெயரைக் கொடுத்ததில்லை. அவருக்கு மடுமாதா சுரூபத்தின் முன்னால் மெழுகுதிரிதான். உயிரோடு இருக்கிறவர்களுக்கு ஏற்றுகிற மெழுகுதிரி.

பாதர் முதலில் இத்தாலிக்காரரின் பெயர்களை வாசித்தார். பிறகு எங்கள் சனத்தின் பெயர்கள். என் அப்பா, என் அம்மா. அதற்கு அடுத்ததாக "சந்தியோகு" என்றார்.

முன் வாங்கில் இருந்தவர்கள் திரும்பி என்னைப் பார்த்தார்கள். நான் எழும்பி இல்லை என்று சொல்லவேண்டும். என் வாழ்க்கையில் நான் ஒரு கூட்டத்தின் நடுவில் எழும்பிக் கதைத்ததில்லை. அன்றும் எழும்பவில்லை. கோயில் முழுவதும் ஒரே குரலில், இறந்தவர்களுக்குக் கேட்பதுபோல, அவருக்கு நித்திய இளைப்பாற்றியைத் தாரும் என்று மன்றாடியது. பக்கத்தில் நிறோசா என் கையைப் பிடித்தாள். அவளுடைய கை குளிர்ந்துபோய் இருந்தது. "சத்தியமா நான் குடுக்கேல்லை அம்மா," என்றாள்.

வெளியில் வந்ததும் சனம் சூழ்ந்துகொண்டது.

"எப்ப அக்கா தகவல் வந்தது? ஒரு சொல்லுச் சொல்லேல்லையே."

"எங்கை எடுத்தவையாம்? எலும்பு ஏதும் கிடைச்சதே?"

"அழுங்கோ அக்கா, அழுதாத்தான் ஆறும்."

இல்லை, தகவல் ஒன்றும் இல்லை என்று சொன்னேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. அவர்கள் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தார்கள். அன்று பின்னேரமே மன்னாரிலிருந்து மச்சாள், என் புருசனின் அக்கா, போன் எடுத்தா.

"மச்சாள், நீங்கள் அங்கை தம்பிக்குப் பூசை குடுத்திட்டியளாம். இஞ்சை எல்லாரும் கேக்கினம்."

"நான் குடுக்கேல்லை மச்சாள்."

பின்னால் வாகனங்கள் போகிற சத்தம் கேட்டது. ரோட்டுக்கரையிலிருந்துதான் எடுத்திருக்கிறா.

"உண்மையைச் சொல்லுங்கோ. நான் எழும்பி வீட்டை போகட்டே?"

"எழும்பாதேங்கோ," என்றேன்.

அடுத்த நாள் சிஞ்ஞோராவிடம் கேட்டேன். அவர் ஒளிக்கவில்லை. "நான்தான் உங்கள் கோயில் வேலைகளைப் பார்க்கிற சக்கிரிஸ்தாரிடம் சொல்லி அனுப்பினேன்," என்றார். "பாவம், அந்தப் பெயர் நடுவில் தொங்குகிறது. ஒரு பெயருக்கு வீடு வேண்டும், இல்லாவிட்டால் கல்லறை வேண்டும். இரண்டும் இல்லாமல் நீ அதை இவ்வளவு காலம் வெயிலில் விட்டிருக்கிறாய்." பிறகு என் கையைத் தடவிக் கொடுத்தார். அவருடைய கை சூடாக, மிருதுவாக இருந்தது. எனக்கு நல்லது செய்ததாகவே அவர் நினைத்தார். கெட்ட எண்ணம் இருந்திருந்தால் நான் வேலையை விட்டுப் போயிருப்பேன். அது இல்லாததுதான் எனக்குப் பயமாக இருந்தது. சீப்பை எடுத்துத் தலை சீவினேன். மோன் ஓ என்று தொடங்கினார்.

சான்றிதழ் வராமலே நீதிமன்றத்தில் நாள் வைத்தார்கள். பிறகு கொடுக்கலாம் என்று சட்டத்தரணி சொல்லியிருந்தார். சிஞ்ஞோராவைச் சக்கர நாற்காலியில் கொண்டுபோனோம். நல்ல கோட்டுப் போட்டு, உதட்டுக்கு நிறமும் பூசச் சொன்னார். நீதிபதி ஒரு பெண். சிஞ்ஞோரா சம்மதம் என்றார். நிறோசா சம்மதம் என்றாள், தெளிவாக, இந்த ஊர்ப் பிள்ளைகள் மாதிரி. பிறகு நீதிபதி என்னிடம் திரும்பினார்.

"தாய் என்ன சொல்கிறீர்கள்?"

அந்த அறைக்குள் வரும்வரை என்ன சொல்லப்போகிறேன் என்று எனக்குத் தெரியாது.

"என்னைக் கேட்காதேங்கோ. தகப்பனைக் கேளுங்கோ."

"தகப்பன் இறந்துவிட்டார் என்று எழுதியிருக்கிறதே?"

"இல்லை. உயிரோடு இருக்கிறார்."

சட்டத்தரணி என்னவோ சொல்ல வந்தார். நீதிபதி கையைக் காட்டி மறித்தார். "எங்கே இருக்கிறார்?"

"அதை நீங்கள்தான் அங்கே கேட்கவேணும். நான் கேட்டால் ஒருவரும் சொல்கிறார்கள் இல்லை."

நீதிபதி பேனையை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். பிறகு பேனையை எடுத்து எழுதினார். தகப்பன் எங்கே என்று இலங்கையிடம் தூதரகம் மூலம் கேட்கப்படும், பதில் வரும்வரை ஒன்றும் நகராது என்றார். ஒரு அரசாங்கம் இன்னொரு அரசாங்கத்திடம் சந்தியோகு எங்கே என்று கேட்கப்போகிறது. நிறோசா என் பக்கம் திரும்பவேயில்லை.

வாகனத்தில் சிஞ்ஞோரா என் பக்கம் திரும்பினார். "உன் கணவர் உயரமா?" என்று கேட்டார். இத்தனை வருடத்தில் அவரைப் பற்றி ஒரு மனிதராக அவர் கேட்டது அதுதான் முதல் தடவை.

"கட்டை, சிஞ்ஞோரா. என்னிலும் கொஞ்சம்தான் உயரம்."

"வரட்டும். அவரிடமே கேட்பேன். பெண்ணை எனக்குத் தாருங்கள் என்று கேட்பேன்," என்றார். சொல்லிவிட்டு யன்னல் பக்கம் திரும்பி, தனக்குள் பெயர்களைச் சொல்லத் தொடங்கினார்.

மாசி மாதம் சிஞ்ஞோரா நித்திரையில் போய்விட்டார். சவக்காலைக்குக் காவற்காரரும் சட்டத்தரணியும் நாங்கள் இரண்டு பேரும் மட்டும் போனோம். மண் போட்டு முடிய, இனி அந்த வழக்கும் முடிந்தது என்று நான் நினைத்தேன். வாய்விட்டும் சொன்னேன்.

"இல்லையே," என்றார் சட்டத்தரணி. கையில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிக்கொண்டே சொன்னார். "சிஞ்ஞோரா உயிரோடு இருக்கும்போதே சம்மதம் கொடுத்துவிட்டார். அவர் இறந்தாலும் அது செல்லும். இலங்கையிலிருந்து பதில் வந்ததும் மற்றது நடக்கும்."

நிறோசா அதைக் கேட்டு நிமிர்ந்தாள். அவள் அந்த வீட்டைப் பற்றி நினைத்தாளோ, தகப்பனைப் பற்றி நினைத்தாளோ, எனக்குத் தெரியாது. கேட்கவும் பயமாக இருந்தது.

இத்தனை வருடமும் நான் கடவுளிடம் கேட்டது ஒரு பதில்தான். எந்தப் பதிலென்றாலும் தா என்று கேட்டிருக்கிறேன். இப்போது அந்தப் பதில் எங்கேயோ ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்கு நகர்ந்து வந்துகொண்டிருக்கிறது. இறந்துவிட்டார் என்று வந்தால் அவரும் போவார், பிள்ளையும் மண்ணுக்குள் கிடக்கிற அந்த மனிசியின் பிள்ளை ஆவாள். இருக்கிறார் என்று வந்தால்? இத்தனை வருடமும் அவரை எங்கே, எப்படி வைத்திருந்தார்கள் என்று நான் கேட்கவேண்டி வரும்.

காலையில் தபால்காரரின் மோட்டார்சைக்கிள் எங்கள் ஒழுங்கைக்குள் திரும்புகிற சத்தம் கேட்டதும் நான் குசினி யன்னலைச் சாத்திவிடுகிறேன். நிறோசா கதவைத் திறந்துவைத்துக்கொண்டு படியில் போய் நிற்கிறாள்.